அம்பேத்கர் பெயரில் ஓடிய பஸ்

 

இந்த ஆண்டு டிசம்பர் 6 நினைவுச் சொற்பொழிவை வடசென்னைக்காரர்களான எங்களிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். மேடையில் நின்று வாசிக்கிறவர் ஒருவர்தான், எழுதியவர்கள் மூவர். ஒருவரின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஒருவரின் அம்மா துப்புரவுப் பணியாளராக இருந்தவர். மூன்றாமவர் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால்தான் 'நாங்கள்' என்று பேசுகிறோம். எது யாருடைய அப்பா, எது யாருடைய அம்மா என்று நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. மூன்று வீடும் ஒரே ரூட்டில்தான் இருந்தன.

பஸ்ஸைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், "அண்ணே, நினைவு நாள்ல பஸ் கதையா?" என்று ஒரு தம்பி கேட்டார். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். தம்பி, பாபாசாகேப் பட்ட அவமானங்களில் பாதி வண்டியில் பட்டவை.

1901இல், ஒன்பது பத்து வயதுப் பையனாக, அப்பா வேலை பார்த்த ஊருக்கு அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் ரயிலில் போகிறார். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் கூட்டிப்போக ஆள் வரவில்லை. மஹர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த மாட்டுவண்டிக்காரனும் ஏற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் இரட்டிப்புக் கூலி. அதோடு பிள்ளைகளே மாட்டை ஓட்ட வேண்டும், வண்டிக்காரன் நடந்து வருவான் என்று பேசி முடித்தார்கள். 28 வருடம் கழித்து, 1929இல், அவர் பாரிஸ்டர். பம்பாய் சட்ட மேலவை உறுப்பினர். தீண்டத்தகாதார் குறைகளை விசாரிக்க அரசு போட்ட குழுவில் இருந்தபடி சாலிஸ்கானில் இறங்குகிறார். குதிரைவண்டிக்காரர்கள் அவருக்கு வண்டி ஓட்ட மாட்டோம் என்றார்கள். வண்டியை வேண்டுமானால் கொடுக்கிறோம், ஓட்டுவதற்கு உங்கள் ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வண்டி ஓட்டிப் பழகாத ஒரு மஹர் ஓட்டினார். பாலத்தில் சக்கரம் சிக்கிக் குதிரை மிரண்டது. பாபாசாகேப் கல்லில் தூக்கி எறியப்பட்டார், கால் எலும்பு முறிந்தது. இரண்டையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

தமிழ்நாட்டிலும் கதை அதுதான். பொதுச்சாலையில் எல்லோரும் நடக்கலாம் என்பதற்கே 1924இல் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. சாலைக்கு உரிமை வந்தாலும் சாலையில் ஓடுகிற பஸ்ஸுக்கு வரவில்லை. பஸ்கள் அன்று தனியார் முதலாளிகளுடையவை. ஆதிதிராவிடர்களை ஏற்ற மாட்டார்கள். பஞ்சமருக்கு இடமில்லை என்று டிக்கெட்டிலேயே அச்சடித்தவர்களும் உண்டு. ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். பஸ் முதலாளிகளுக்கு அந்த மொழி உடனே புரிந்தது. அந்த ராமநாதபுரம் சீமையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

இனி எங்கள் ஊர்.

பாரிஸ் கார்னரில் ஏறினால் ராயபுரம் கல்மண்டபம், தண்டையார்பேட்டை, டோல்கேட், திருவொற்றியூர் தேரடி, எர்ணாவூர், கத்திவாக்கம், எண்ணூர். கடலை ஒட்டிக்கொண்டே போகிற நீளமான ஊர். ராயபுரத்தில் 1856இல் திறந்த ரயில் நிலையம். அதற்கு அந்தப்பக்கம் துறைமுகம். வடக்கே போகப்போகக் கம்பெனிகள். எம்.ஆர்.எஃப். 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்து ஆரம்பித்தது. 1955இல் என்ஃபீல்டு வந்தது. தீப்பெட்டிக்கு விம்கோ. எண்ணூரில் அசோக் லேலண்ட். மேற்கே திரும்பினால் மணலி, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உரத்தொழிற்சாலை. எங்கள் பஸ் ஸ்டாப்புகளின் பெயரைக் கேட்டாலே தெரியும்: அஜாக்ஸ், விம்கோ நகர், எம்.ஆர்.எஃப்., லேலண்ட். மற்ற ஊரில் ஸ்டாப்புக்குக் கோயில் பெயர், ஆலமரத்தின் பெயர். எங்களுக்குக் கம்பெனி பெயரும் சினிமா கொட்டாய் பெயரும். "மகாராணி ஒண்ணு, அகஸ்தியா ரெண்டு" என்றுதான் டிக்கெட் கேட்போம்.

டிராம் 1953இல் நின்றுபோனது. அதில் போன கதைகளை எங்கள் தாத்தாக்கள் சொல்லக் கேட்டதோடு சரி. எங்களுக்குத் தெரிந்தது பல்லவன். 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தது; எங்கள் பிறப்பும் ஏறக்குறைய அதே காலம். திருவொற்றியூரில் கிளம்பித் திருவான்மியூர் வரை போகிற 1ஆம் நம்பர், டோல்கேட்டிலிருந்து 6டி, எழும்பூருக்கு 28. வெள்ளை போர்டு என்றால் எல்லா இடத்திலும் நிற்கும். மஞ்சள் போர்டு எல்.எஸ்.எஸ்., காசு கூட. அவசரத்தில் மஞ்சள் போர்டில் ஏறிவிட்டு, சில்லறை போதாமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தவர்கள் இந்த அரங்கில் குறைந்தது பத்துப் பேராவது இருப்பீர்கள்.

எங்கள் ஊருக்குக் கடிகாரம் சங்கு. காலை 6, மதியம் 2, இரவு 10. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட். காலை 5 மணி பஸ்ஸில் ஒரு பக்கம் சோறு கட்டின தூக்குச்சட்டிகள், இன்னொரு பக்கம் காசிமேட்டிலிருந்து வரும் மீன் கூடை. கூடையை ஏற்றவிடாத கண்டக்டர் உண்டு. "குந்து நைனா, அப்பால பாத்துக்கலாம்" என்று அவரையே உட்காரச் சொல்லிவிட்டு ஏறிவிடுகிற அக்காக்களும் உண்டு. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் நின்றபடியே தூங்குவார். அவர் தலை யாருடைய தோளில் சாய்ந்தது என்று யாரும் பார்த்ததில்லை. "ஹோல்டான்" என்று கண்டக்டர் கத்தும்போதுதான் எல்லோரும் கண்ணைத் திறப்பார்கள்.

பஸ்ஸின் ஜன்னல் கட்டையில் கையை வைத்தால் கரி ஒட்டும். துறைமுகத்து நிலக்கரி. ராயபுரத்தில் துணி காயப்போட்ட எல்லோருக்கும் அது தெரியும். 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. அது எண்ணூருக்குப் போனது. எங்கள் மூக்கிலிருந்து எடுத்து எண்ணூர்க்காரர் மூக்கில் வைத்தார்கள். இது வேறொரு உரைக்கான விஷயம், விடுகிறோம்.

ஒரு காட்சியை மட்டும் விட முடியாது. லேலண்டிலிருந்து புது சேசிஸ் வெளியே வரும். பாடி கட்டாத வண்டி. கூரை கிடையாது, கதவு கிடையாது, முன்கண்ணாடி கிடையாது. எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங், ஒரு சீட்டு. டிரைவர் முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிக்கொண்டு போவார். வரிசையாகப் பத்து சேசிஸ் போகும்போது தெருப்பிள்ளைகள் எண்ணுவோம். எங்கேயோ போய்ப் பாடி கட்டி, பெயின்ட் அடித்து, பெயர் எழுதி, பஸ்ஸாகும். அதில் சிலது பல்லவனாக எங்களிடமே திரும்பி வந்திருக்கும். எங்கள் ஆட்கள் முறுக்கிய போல்ட்டு மேல் நாங்களே உட்கார்ந்து போயிருப்போம்.

இதுவரை நாங்கள் சொன்னதைக் கேட்டால் வடசென்னை பஸ்ஸில் சாதியே இல்லை என்று தோன்றும். பழைய வடசென்னையைப் பற்றி எழுதுகிற நண்பர்கள் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். கம்பெனியும் பஸ்ஸும் எல்லோரையும் ஒன்றாக்கிவிட்டன என்கிறார்கள். எங்களுக்கும் அப்படி நினைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. ஒரே தறிக்கூடத்தில் நின்றவர்களுக்கு நடுவில் வந்த தீ அது. ஒரே கூரையின் கீழ் நின்றதால் மட்டும் ஒன்றாகிவிட மாட்டோம்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது அதைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் அதிகம் பேசியது பஸ் வரும் இடத்தைத்தான். ஊர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பெண், எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கிறாள். சேரி என்று தெரிந்ததும் எழுந்து வேறு சீட்டுக்குப் போகிறாள், அல்லது இவரைப் போகச் சொல்கிறாள். இவர் இன்னும் நன்றாக உட்கார்ந்துகொள்கிறார். படித்ததும் எங்களில் ஒருவர், "நம்ம பஸ்ல யாரும் தெரு கேக்கமாட்டாங்க" என்றார். இன்னொருவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கேக்கவேணாம், ஸ்டாப்பிங்கே சொல்லிடும்" என்றார்.

அதுதான் உண்மை. எங்கள் ஸ்டாப்பிங்கில் இறங்குகிறவர் எந்தக் குடியிருப்புக்குப் போகிறார் என்பது பஸ்ஸுக்கே தெரியும். பள்ளிக்கூடத்துப் பையன்களோடு வரும்போது, பிறகு கல்லூரிக்காலத்தில் பெண்பிள்ளைகள் இருக்கும்போது, நாங்கள் ஒரு ஸ்டாப்பிங் முன்னாடியே இறங்கிவிடுவோம். கடையில் ஏதோ வாங்க வேண்டும் என்று ஒரு பொய். பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகு நடப்போம். மூன்று பேரும் இதைச் செய்திருக்கிறோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை, இந்த உரையை எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. துப்புரவு வேலை பார்த்த அம்மா ஒருமுறை அதே பஸ்ஸில், யூனிபார்ம் சேலையோடு, பின்பக்கம் ஏறினார். மகன் முன்பக்கம் நின்றான். மகன் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா கூப்பிடவும் இல்லை. முன்னாலேயே அவன் இறங்கிவிட்டான். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒன்றும் கேட்காமல் சோறு போட்டார். அந்த மகன்தான் இப்போது உங்கள் முன்னால் வாசித்துக்கொண்டிருப்பவர்.

இந்த நிலையில் 1994 வந்தது. பல்லவன் போக்குவரத்துக் கழகத்தை இரண்டாகப் பிரித்து, வடசென்னைப் பகுதிக்கு டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் என்று ஒன்றை அரசு ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் அப்போது பஸ் கழகங்களுக்கு மன்னர்கள் பெயரும் தலைவர்கள் பெயரும் இருந்த காலம். சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன், அண்ணா, தந்தை பெரியார் என்று ஊருக்கு ஒரு பெயர். அந்த வரிசையில் இது ஒன்று. அரசுக்கு அது ஒரு நிர்வாகக் காரியம். வடக்குக்கு ஏன் இந்தப் பெயர், தெற்கு ஏன் பல்லவனாகவே இருந்தது என்று யோசித்துச் சிரித்துக்கொண்டவர்களும் எங்களில் உண்டு.

சிரித்தாலும், அந்தப் பெயர் எங்கள் தெருவில் ஓடியது. அதுவரை எங்கள் தெருவில் பாபாசாகேப் ஒரு படம். ஏப்ரல் 14க்கு மாலை போடுகிற ஒரு சிலை. சிலை நம் இடத்தில்தான் நிற்கும். பல ஊரில் கம்பிக்கூண்டுக்குள் நிற்கிறது. பஸ் அப்படியில்லை, ஊரெல்லாம் போகும். சௌகார்பேட்டை சேட்டு வீட்டு வாசலில் நிற்கும். ஐகோர்ட் முன்னால் நிற்கும். அதைக் கைகாட்டி நிறுத்தத்தான் வேண்டும். காசு கொடுத்து ஏறத்தான் வேண்டும். ஒரு மாட்டுவண்டியும் ஒரு குதிரைவண்டியும் ஏற்ற மறுத்த மனிதர், இப்போது தினமும் எத்தனையோ பேரை ஏற்றிக்கொண்டு போனார்.

எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா எழுத்தின் உருவத்தை வைத்து அந்தப் பெயரை அடையாளம் கண்டுகொண்டார். 'டாக்டர்' என்பதில் முதல் எழுத்தைக் காட்டி, "இது நம்ம வண்டி" என்பார். எல்லா வண்டியும் ஒரே டிக்கெட் விலைதான், எதில் ஏறினால் என்ன என்று மகன் சொல்வான். "நீ ஏறு, நான் அதுல வரேன்" என்பார். எங்கள் கண்டக்டர் தோழர் சொல்வது வேறு மாதிரி. டூட்டி முடிந்து டெப்போவில் இன்வாய்ஸ் எழுதும்போது தலைப்பில் அந்தப் பெயர் இருக்கும். ஒரு சக ஊழியர் தினமும் பேனா முனையால் அதை மெதுவாகக் கிறுக்கிவிட்டுத்தான் கணக்கு எழுத ஆரம்பிப்பாராம். ஒருநாளும் வாயால் ஒன்றும் சொன்னதில்லையாம்.

ஆனாலும் வடசென்னையில் யாரும் அந்த பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை யோசிப்பதற்காகத்தான் இத்தனையும் பேசினோம்.

1997இல், திமுக ஆட்சியில், விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து வீரன் சுந்தரலிங்கம் போக்குவரத்துக் கழகம் அறிவிக்கப்பட்டது. சுந்தரலிங்கம், கட்டபொம்மனின் தளபதியாக வெள்ளைக்காரனோடு போரிட்டு உயிர்விட்டவர். கட்டபொம்மன் பெயரில் பஸ் ஓடியபோது யாருக்கும் வலிக்கவில்லை. தளபதி தேவேந்திரகுலத்தில் பிறந்தவர் என்பதால் வலித்தது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். பஸ்கள் உடைபட்டன, கலவரம் பரவியது, உயிர்கள் போயின. சௌந்தரபாண்டியனார் லைசென்ஸ் உத்தரவு போட்ட அதே சீமை. அன்று எங்களை ஏற்ற மாட்டோம் என்றார்கள். இப்போது எங்கள் பெயர் இருந்தால் ஏற மாட்டோம் என்றார்கள். அதே ஆண்டு ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும், அவர்கள் வந்த பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள்.

அடுத்த மாதமே அரசு ஒரு முடிவெடுத்தது. சுந்தரலிங்கம் பெயரைக் காப்பாற்றவில்லை. அந்த ஒரு பெயரை மட்டும் எடுக்கவும் முடியவில்லை. எல்லாப் பெயரையும் எடுத்துவிட்டது. போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர்கள் மொத்தமாகப் போயின. 1989இல் வந்த வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் வேலூர் மாவட்டம் என்று மட்டும் ஆனது. எங்கள் கழகமும் பல்லவனும் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் இரண்டு கோட்டங்களாகி, 2001இல் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. எல்லோருக்கும் சமமாகச் செய்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். சேரனுக்கும் சோழனுக்கும் பெயர் போனதில் எந்தச் சேரியில் யார் அழுதார்கள்? எங்கள் பக்கம் மூன்றரை வருடம் ஓடிய பெயர், விருதுநகரில் விழுந்த கல்லால் எண்ணூரில் உடைந்தது.

1955 டிசம்பர் 1 அன்று மாண்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் சீட்டைவிட்டு எழ மறுத்தார். 381 நாட்கள் அந்த ஊர்க் கறுப்பின மக்கள் பஸ் ஏறாமல் நடந்தார்கள். அந்தப் போராட்டம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போதுதான், 1956 டிசம்பர் 6 அன்று, பாபாசாகேப் காலமானார். அங்கே ஒடுக்கப்பட்டவர்கள் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள், சட்டம் மாறியது. இங்கே ஒடுக்குகிறவர்கள் புறக்கணித்தார்கள், பெயர்ப்பலகை மாறியது.

டெப்போவில் ஒரு பெயின்டர் வண்டி வண்டியாக அந்தப் பெயர் மேல் பூசினார். நல்ல பெயின்ட் இல்லை. வெயில் அடிக்கும்போது பழைய எழுத்து கீழே தெரியும். சில மாதம் வரை அந்த அம்மா அதைப் பார்த்துத்தான் ஏறினார். பிறகு அந்த வண்டிகளும் கழித்துக்கட்டப்பட்டன.

இப்போது எங்கள் கேள்விக்கு வருகிறோம். வடசென்னைக்காரர்கள் விருதுநகர்க்காரர்களைவிட நல்லவர்களா? எங்களால் அப்படிச் சொல்ல முடியவில்லை. காலை 6 மணி சங்குக்கு முன்னால் கேட்டில் இருக்க வேண்டும். தாமதமானால் சம்பளம் பிடிப்பார்கள். அடுத்த பஸ் எப்போது வரும் என்று தெரியாது. பெயரைப் பார்த்து ஏறுவதற்கு யாருக்கும் அவகாசம் இல்லை. பேனாவால் பெயரைக் கிறுக்கியவரும் அந்தப் பெயர் போட்ட வண்டியில்தான் வீட்டுக்குப் போனார். வேறு வழி இல்லாதவரை சாதி பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. எங்கள் தோளில் சாய்ந்து தூங்கியவரைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் தூக்கம் உண்மை. விழித்த பிறகு அவர் வீட்டில் எங்களுக்கு எந்த டம்ளரில் தண்ணீர் வந்தது என்பதும் உண்மை.

வேறு வழி வந்ததும் என்ன ஆனது என்று பாருங்கள். பின்னி 1996இல் மூடியது. ஒவ்வொன்றாகக் கம்பெனிகள் ஆளைக் குறைத்தன, இடம் மாறின, சங்கு நின்றது. கையில் பணம் சேர்ந்தவர்கள் வண்டி வாங்கினார்கள். என்ஃபீல்டு செய்த ஊரில் எங்களுக்கு டி.வி.எஸ். 50 வாங்கவே பத்து வருடம் ஆனது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது. குளிர்சாதனம், சுத்தம், மீன் கூடையோடு அதில் யாரும் ஏறி நாங்கள் பார்த்ததில்லை. அதே ஆண்டு மே மாதம் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அது வந்த பிறகு வீட்டு வேலைக்குப் போகிற எங்கள் அக்காக்கள் மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த டிசம்பரிலேயே குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு வயதான அம்மாவை, நாற்றம் அடிக்கிறது என்று அரசு பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பஸ் நிலையத்தில் நின்று நியாயம் கேட்ட வீடியோ ஊரெல்லாம் போனது. முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். கண்டக்டராக இருந்த எங்கள் தோழர் அந்த வீடியோவை இரண்டு முறை பார்த்துவிட்டு, "நானும் கூடையை எறக்கியிருக்கேன்" என்றார். இதை உரையில் எழுத வேண்டாம் என்று நாங்கள் சொன்னோம். எழுதத்தான் வேண்டும் என்றார்.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு இறங்குகிறோம். டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் இருந்ததற்கு எங்களிடம் இருக்கும் சான்று மிகக் கொஞ்சம். பாபாசாகேப்பின் தமிழ்த் தொகுதி ஒன்றில் பக்க அடையாளமாக வைத்த ஒரு டிக்கெட். ஒரு மாணவர் பாஸ், புகைப்படம் கிழிந்தது. எங்கள் தோழரின் பணி ஆணை ஒன்று. பஸ்ஸின் பக்கவாட்டில் பெயர் தெரிகிற போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில், பள்ளிச் சுற்றுலாப் படத்தில், பின்னால் எங்காவது ஒரு பஸ் நிற்கலாம். ஓய்வு பெற்ற டிரைவர், கண்டக்டர், மெக்கானிக், டெப்போ பெயின்டர் உங்கள் தெருவில் இருக்கிறார்கள். பலருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. போய்க் கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். பேனாவால் கிறுக்கியவர்களையும் கேளுங்கள். அடுத்த ஏப்ரல் 14க்குள் அமைப்பிடம் கொண்டுவந்து கொடுத்தால் நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

அந்த அம்மாவும் வந்திருக்கிறார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வரும்போது ஒரே பஸ்ஸில்தான் வந்தோம்.